சாணி மெழுகிய முகம்

எமல்ஷன் என்று பெயர் வைத்தவன் எவனோ, என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். உத்திரமேரூரில் எமல்ஷன் என்றால் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட். நான் வாங்கியது வேறு. வெந்நீரில் வைத்தால் உருகும், வெளிச்சம் பட்டால் வீணாகும், எதன்மேல் பூசுகிறோமோ அதன்மேல் புகைப்படம் அச்சாகும். ஓடு, செங்கல், பலகை எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன். "புள்ள பெயிண்ட் அடிச்சிக்கினு கீறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

எதிர்வீட்டு அக்கா களத்தில் நெல் புடைக்கப் போகிறவர். அவருக்கென்று இருந்த ஒரே படம் ஆதார் அட்டையில். அதில் கோழி திருடிப் பிடிபட்டவர் மாதிரி இருப்பார்.

"நாளைக்கு நான் பூட்டா இதத்தான பெருசாக்கி மாலை போடுவானுங்க? நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு தம்பி. பேப்பர்ல போட்டா கரையான் அரிச்சிடும்" என்றார்.

"முறத்துல போடட்டுமா?" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்போடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் தன் முறத்தையே கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று முறை தோற்றேன். எமல்ஷன் மூங்கில் இடுக்கில் இறங்கி, காய்ந்ததும் பொரிப்பொரியாக உதிர்ந்தது. நான்காவது முறை ஜன்னலில் போர்வையைக் கட்டி, சிவப்பு பல்பைப் போட்டு, பாட்டிலில் மிச்சம் இருந்ததை எல்லாம் பூசி, காய்ந்ததும் அக்கா படத்தின் நெகட்டிவ் வழியாக அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சினேன். மருந்தில் நனைத்த பஞ்சால் ஒற்ற ஒற்ற முதலில் புருவம் வந்தது, பிறகு அந்தச் சிரிப்பு. அடேயப்பா! தனியாக நின்று கை தட்டினேன்.

கழுவி, கொல்லையில் நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிடக் களத்துக்கு ஓடினேன். இருவரும் திரும்பி வந்தால், அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை நிறைய சாணியும் அரைத்த வெந்தயமும்! இடுக்கு அடைபட முறத்தை மெழுகுவது வழக்கம்தான். அதற்காக?

"யம்மா! இன்னா பண்ணி வச்சிருக்க?"

"கத்தாதடா. மொறமெல்லாம் உன் பெயிண்டு கருப்பா அப்பிக்கினு கீது. அந்தப் பொண்ணு எப்படிப் பொடைப்பா?"

முகத்தைத் தலைகீழாகச் சாய்த்து வைத்தது நான்தான். அதை அப்போது ஒப்புக்கொள்வேனா? பாட்டில் போச்சு, பத்து நாள் உழைப்பு போச்சு, இந்த வீட்டில் மனுஷன் இருப்பானா என்று தொண்டை கிழியக் கத்தினேன். சாணியை வழித்தால் படமும் கூடவே வந்தது. அம்மா கை கழுவப் போய்விட்டார்.

அக்கா முறத்தை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு காதும் கம்மலும் மட்டும் மிச்சம் இருந்தன.

"சாணி பூசினது என் மூஞ்சி மேல. நீ இன்னாத்துக்குக் கத்தற?"

இத்தனை கத்தலில் பாட்டில் இருந்தது, பத்து நாள் இருந்தது. இவர் இல்லை. வெட்கக்கேடு.

அக்கா முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பேப்பர்லயே போட்டுக் குடு தம்பி. கரையான நான் பாத்துக்கறேன்."