தோன்கா வீட்டு வாசற்கதவு

தெருமுனை இயந்திரத்தில் காபிக் கோப்பை நிறைவதற்குள், பக்கத்து மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் மரண அறிவிப்புகள் அத்தனையையும் தோன்கா வாசித்துவிடுவாள். புது முகம் ஏதாவது தென்பட்டால் மார்பில் சிலுவை இட்டுக்கொள்வாள். "அட, தையற்கார இவான்! போன வாரம்தான் என்கூட வரிசையில நின்னு சண்டை போட்டான்" என்பாள். அதன்பிறகுதான் காபி தொண்டையில் இறங்கும்.

லோவெச் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், படம் போட்ட தாள் அவர் வீட்டுக் கதவில் ஏறும். பேருந்து நிறுத்தத்திலும் மரத்திலும் ஏறும். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று. மழையும் வெயிலும் பழையதைத் தின்னத் தின்ன, புதியது வந்துகொண்டே இருக்கும்.

தோன்காவுக்கு வயது அறுபத்தொன்று. ஊர் சுற்றிக் காட்டுவது தொழில். சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்து நடந்தால் திரும்பியே பார்க்கமாட்டாள். பின்னால் வரும் காலடி ஓசையை வைத்தே ஆள் குறைந்ததைக் கண்டுபிடித்துவிடுவாள். கூரை வேய்ந்த மரப்பாலத்தையும் கோட்டையையும் பற்றி இரண்டே வார்த்தை. ஆனால் தரைமட்டச் சன்னல் வழியாக வியாபாரம் நடக்கும் நிலவறைக் கடையின் முன்னால் எல்லாரையும் குந்தவைத்து, ஆளுக்கொரு பொட்டலம் சூரியகாந்தி விதை வாங்கவைப்பாள். "முட்டி வலிக்காம வாங்கினா அது எங்க ஊர்க் கடையே இல்லை" என்பாள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது மறக்காமல் எச்சரிப்பாள்: "போதும்னு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டாதீங்க. எங்க ஊர்ல அதுக்கு 'வேணும்'னு அர்த்தம். இன்னொரு தட்டு வந்துடும்." அப்படியும் யாராவது ஆட்டுவார்கள், இன்னொரு தட்டு வரும்.

சதுக்கத்தில் நிற்கும் கல் சிப்பாயைக் குடையால் சுட்டுவாள். "ஒரு காலத்துல இவரைப் பாத்து ஊரே நடுங்கிச்சு. இப்ப பாருங்க, புறாகூட மதிக்கலை."

வருகிறவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள். "கதவுக்குக் கதவு படம் ஒட்டியிருக்கே, போலீஸ் தேடுற ஆளுங்களா?"

"தேடுறது வாஸ்தவம்தான். போலீஸ் இல்லை, பெண்டாட்டி பிள்ளைங்க" என்பாள் தோன்கா. சிரித்தவர்கள் அடுத்த கதவில் இருக்கும் முகத்தை நின்று பார்ப்பார்கள்.

இத்தனை பேசுகிறவளின் கைப்பையில், ஊர் வரைபடங்களுக்கு அடியில் ஒரு மாதமாக ஒரு கட்டு கிடந்தது. முப்பது தாள். அவள் கணவன் பென்ச்சோவின் மரண அறிவிப்பு.

தான் வேலை பார்த்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை மூடிய பிறகு, ஸ்பெயினுக்குத் தக்காளி பறிக்கப் போனவன் பென்ச்சோ. போய்ப் பத்தொன்பது வருடம். "வர்ற கிறிஸ்துமஸுக்கு வந்துடுவார்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காவது கிறிஸ்துமஸில், அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. அன்றிலிருந்து யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் இறந்ததும் அங்கேயே மண்ணுக்குப் போய்விட்டான். தலைநகர் சோஃபியாவில் இருக்கும் அவன் அக்கா நெவெனா, தாள்களை அச்சடித்துப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். 'துயருறுவோர்: அக்கா நெவெனா, மனைவி தோன்கா' என்று அடியில் இருந்தது.

"மனைவியாம்!" அந்த ஒரு சொல்லில் தோன்காவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. "பத்தொன்பது வருஷத்துல ஒரு கடுதாசி உண்டா? செத்த பிறகு வேணுமாம் பெண்டாட்டி!"

எதிர்வீட்டு ஸ்லாவ்கா, சன்னலில் விதை கொறித்தபடியே நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏண்டி, இன்னைக்கு நாப்பதாம் நாள். இன்னைக்கும் ஒட்டலேன்னா, அந்த மனுஷன் செத்ததே அவன் பொறந்த ஊருக்குத் தெரியாம போயிடும்."

"தெரியாம போகட்டும். இருந்தது மட்டும் தெரிஞ்சிச்சா?"

"கத்தரிக்கோல் தரேன். உன் பேர் இருக்கிற வரியை வெட்டிட்டு ஒட்டேன்."

"வெட்டினா, அங்க யார் பேர் இருந்துச்சுன்னு ஊரெல்லாம் கேக்கும்."

"அப்ப என்னதான்டி செய்யப் போறே?"

"வேலைக்குப் போறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று ஆறு பேர் வந்திருந்தார்கள். கோட்டையிலிருந்து இறங்கும் வழி அவள் தெருவைத்தான் தொட்டுப் போகிறது. தன் வீட்டைத் தன் வீடென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பென்ச்சோ பிறந்த வீடு அது. அவன் கையால் பச்சை வண்ணம் பூசிய கதவு. கடக்கும்போது நடை வேகத்தை இரண்டு மடங்காக்கிவிடுவாள்.

கூட்டத்தில் ஒரு வயதான போர்த்துகீசியர். மூச்சு வாங்க அந்தக் கதவருகிலேயே நின்றுவிட்டார். தெரு நெடுக ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்தார். பச்சைக் கதவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இந்த வீட்டுல மட்டும் யாரும் சாகலை போலிருக்கே! கொடுத்துவச்ச வீடும்மா."

எதிர்ச் சன்னலில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

தோன்காவின் குடை மெல்லத் தாழ்ந்தது. கிழவர் மனப்பூர்வமாகச் சொல்லியிருந்தார். அதுதான் தாங்கமுடியவில்லை. சாவே வராத வீடாம். யாருக்காகவோ இன்னும் காத்திருக்கிற வீடு மாதிரி, வெறுங்கதவாய் நிற்கிறதே!

பைக்குள் கைவிட்டாள். வரைபடங்கள் நழுவித் தரையில் விழுந்தன, எடுக்கவில்லை. கட்டைப் பிரித்து ஒரு தாளை உருவினாள். பையின் பக்க அறையிலிருந்த ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். நான்கு மூலைக்கும் நான்கு துண்டு. அடிவரியை மடிக்கவில்லை, மறைக்கவில்லை.

"யாரும்மா இவர்?" கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர்."

நெவெனா கொடுத்திருந்தது இருபத்தெட்டு வயதுப் படம். அவசரமாக வந்து நின்றவனைப்போல, சட்டைக் காலர் ஒருபக்கம் மடங்கிக் கிடந்தது. தோன்கா கட்டைவிரலை அதன்மேல் வைத்து, ஒருமுறை, இன்னொருமுறை, நேராக நீவிவிட்டாள்.