மறுவீட்டு விருந்தில் முருங்கைக்காய்

கறி எடுக்காமல் மறுவீட்டு விருந்து வைத்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து விசாரித்தால் இன்றைக்கும் சின்னப்பிள்ளைகூட என் வீட்டைக் கைகாட்டும்.

எங்கள் பக்கம் கல்யாணச் சாப்பாடு சைவமாகத்தான் இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வருகிறார்களே, அந்த மறுவீட்டுக் கறிவிருந்தில்தான் குடும்பத்தின் மானம் இலைக்கு வரும். சுக்கா, கோலா உருண்டை, எலும்புக் குழம்பு எல்லாம் இருக்க வேண்டும். மாமியார்க்காரி நல்ல நல்லி எலும்பாகப் பொறுக்கி, தன் கையால் மாப்பிள்ளை இலையிலும் சம்பந்தி இலையிலும் வைக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் சம்பந்திக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதையே தானும் சாப்பிட வேண்டும். தொடாமல் எழுந்தால் மரியாதைக் குறைவு.

இந்தக் கடைசி வழக்கத்தில்தான் எனக்குச் சிக்கல். என் வீட்டுக்காரர் கறி தின்னக் கூடாது.

அவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் கறி வாசம் இல்லாத சோற்றை அவர் சோறாகவே மதித்ததில்லை. ஒருநாள் பசுமலை ஏற்றத்தில் வண்டி நின்றுபோய்த் தள்ளிக்கொண்டு நடந்தவர், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் எல்லாமே எகிறிக் கிடந்தன. மாத்திரை மட்டும் போதாது, சாப்பாட்டையும் மாற்ற வேண்டும், கறியைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. குறைப்பது என்பது என் மனுசனுக்குத் தெரியாத வேலை. அதனால் வீட்டில் எல்லாருக்குமாக நிறுத்தினேன். கறி போனது, மீன் போனது, முட்டை போனது, கொஞ்ச நாளில் பாலும் போனது.

"டீயில இருந்த பாலையும் புடுங்கிட்டியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று கத்தினார். கத்தட்டும் என்று சுக்குக் காப்பியைக் கையில் கொடுத்தேன்.

ஆனால் பத்தியச் சாப்பாடு என்று உப்புச் சப்பில்லாமல் எதையும் நான் ஆக்கிப் போடவில்லை. எனக்குச் சமையலில் கர்வம் உண்டு. என் கைப்பக்குவத்துக்கு மேல் ஒருத்தி இருக்கிறாள் என்று அதுவரை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதே இல்லை. காலையில் கம்பங்கூழும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும். மத்தியானம் குதிரைவாலிச் சோற்றில் புளிச்சக்கீரைக் கடைசல், மேலே சூடாக நல்லெண்ணெய். அடுப்பில் நேரடியாகச் சுட்ட கத்திரிக்காயைப் பச்சைமிளகாய் வைத்துப் பிசைந்தால் சட்டியை வழித்தெடுக்கச் சண்டை வரும். மொச்சை சீசனில் சாயந்தரம் டிவி பார்த்துக்கொண்டே அவரும் நானும் மகளுமாக உரிப்போம். அவர் உரித்ததில் பாதி வாய்க்குள் போகும். திட்டிக்கொண்டேதான் தின்றார். தின்னத் தின்னத் திட்டு குறைந்தது. இடுப்பில் பெல்ட் தளர்ந்தது. மத்தியானத் தூக்கம் போனது. டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். அதே பசுமலை ஏற்றத்தில் இப்போது காலையில் வாக்கிங் போகிறார். வழியில் நின்று மூச்சு வாங்குகிற ஆட்களுக்கு என்ன சாப்பிடலாம் என்று அறிவுரை வேறு சொல்கிறார். எனக்குச் சிரிப்பாக வரும், கொஞ்சம் கண்ணும் கலங்கும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, தோட்டம் துரவோடு இருக்கிற விவசாயக் குடும்பம். சம்பந்தி முருங்கை போட்டிருக்கிறார். லோடு லோடாகக் காய் மார்க்கெட்டுக்குப் போகும். அவர் தின்பது என்னவோ ஆட்டுக்கறி.

கறி எடுக்கப் போவதில்லை என்று நான் சொன்னதும் வீடே எழுந்து நின்றது. என் நாத்தனார், "எழவு வீட்டுச் சோறா ஆக்கப் போற? வந்தவுக காறித் துப்பிட்டுப் போவாக" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், விட்டுவிடலாம். மகள் போனில் அழுததைத்தான் என்னால் விட முடியவில்லை.

"ஒரே ஒரு நாள் கறி எடும்மா. நாந்தான அந்த வீட்ல இருக்கணும்? காலம்பூரா சொல்லிக் காட்டுவாகம்மா."

அவள் சொன்னது நியாயம். புகுந்த வீட்டில் ஒரு சொல் விழுந்தால் அது பிள்ளை பெற்ற பிறகும் கூடவே வரும். சரி, எடுத்துவிடலாம் என்று பாதி மனது வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், "ஒரு நாளைக்குத் தின்னா செத்தா போயிருவேன்?" என்றார். சொல்லும்போது அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். ஒரு நாள் தொட்டால் மறுநாள் கடைக்குப் போகிற வழியில் சுக்கா, அதற்கு மறுநாள் குடல். மகளிடம், "வந்தவுக ஏப்பம் விட்டுட்டு எந்திரிக்கலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அன்றைக்கு விடியும் முன்பே அடுப்பைப் பற்ற வைத்தேன். சேனைக்கிழங்கைச் சின்னத் துண்டாக நறுக்கி, மிளகும் சோம்பும் இடித்துப் போட்டுச் சுக்கா. வாழைப்பூவில் கோலா உருண்டை. பலாக்காய் பிரியாணி. தேங்காய்ப்பாலில் பாயசம். நல்லிக்குப் பதிலாக, சம்பந்தி தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வந்த நல்ல சதைப்பற்றுள்ள முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, கசகசாவும் தேங்காயும் வறுத்தரைத்து, எலும்புக் குழம்பு எப்படி வைப்பேனோ அப்படியே சுண்டச் சுண்ட வைத்தேன். என் வீட்டுக்காரர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "முருங்கைக்காய் விக்கிறவருக்கே முருங்கைக்காயா? நாம செத்தோம்" என்றார்.

வேன் வந்தது. சம்பந்தி இறங்கும்போதே மூக்கை உறிஞ்சினார். "வாசம் தெரு முக்குலயே ஆளத் தூக்குதே!" என்று கணீரென்று சொல்லிக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் என் வீட்டுக்காரர், முகத்தில் ஈயாடவில்லை. மகள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை இலையில் முதலில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து சம்பந்தி இலையில் குழம்பு வழிய வழிய வைத்தேன். அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நல்லி பச்சையா இருக்கு?"

சம்பந்தியம்மாவின் முகம் இறுகியது. என் மகளை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் உடைந்துபோயிருப்பேன்.

"உங்க மண்ணுல வெளஞ்ச நல்லிண்ணே. உறிஞ்சிப் பாருங்க. நல்லா இல்லேன்னா இப்பவே கறி வாங்கியாரச் சொல்றேன்" என்றேன்.

அவர் ஒன்றை எடுத்தார். நடுவில் பிளந்து பல்லில் வைத்து இழுத்தார். பிறகு நல்லி எலும்பை உறிஞ்சுகிற அதே சத்தம் வந்தது. சக்கையை இலையோரம் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம், "குழம்ப இங்கிட்டுக் கொண்டாங்க" என்றார். மொத்தப் பந்தியும் கை வைத்தது. கோலா உருண்டை இரண்டாம் சுற்றிலேயே தீர்ந்துபோய்விட்டது. என் நாத்தனார் மூன்று முறை சேனைச் சுக்கா வாங்கினாள். அதை நான் அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

கறிவிருந்து முடிந்தால் ஆம்பளைகள் பாயில் சரிந்துவிடுவார்கள். அன்றைக்கு யாருக்கும் தூக்கம் வரவில்லை. சம்பந்தி என் வீட்டுக்காரரை வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார். சுக்குக் காப்பி கொண்டுபோனபோது காதில் விழுந்தது. "எனக்கும் சுகர் கூடத்தான் சம்பந்தி. கறிய விடச் சொல்றாக. வீட்ல சொன்னா வெளில தெரிஞ்சிரும்னு சொல்லல. நீங்க எப்பிடி விட்டீக?" என் மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் வேன் ஏறும்போது சம்பந்தியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. என் மகள் இருக்கப்போவது அந்த அம்மாவோடு அல்லவா?

அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் எங்களுக்கு விருந்து. போய் இறங்கும்போதே ஆட்டுக்கறி வாசம். அவர்கள் வீடு, அவர்கள் உறவுக்காரர்கள், குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து என் மகள் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சம்பந்தியம்மா. "நீயே வையிம்மா, நீ செஞ்சதுதான" என்று அவள் கையில் கரண்டியைக் கொடுத்தார். என் மகள் அவள் அப்பா இலையில் முருங்கைக்காயை வைத்தாள். அடுத்த இலைக்குக் கறிச்சட்டியோடு ஒருவர் வந்தார். சம்பந்தி இலைக்கு மேலே கையை வைத்து மறித்தார்.

"எனக்கும் மருமக வைக்கிறதுதான். சம்பந்தி திங்கிறதத்தான நானும் திங்கணும்? அதுதான முறை!"

பந்தியே சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்து, "இந்த மனுசன் கறிய வேணாங்கிறதே இவ வந்த பெறகுதான்" என்று என் மகளைக் காட்டினார். என் மகள் தலை நிமிர்ந்து, சட்டியோடு என் இலைக்கு வந்தாள். நான் ஒன்றை எடுத்துப் பிளந்து உறிஞ்சினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் கைப்பக்குவத்தவிட உன் கைப்பக்குவம் நல்லா இருக்குடி" என்றேன், அந்தப் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி.