கக்கத்தில் கேட்ட சத்தம்

புற்றுநோய் வார்டில் பிள்ளைக்குத் துணை இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளமும் லீவும் இல்லை, வேலை முழுக்கக் காத்திருப்பது. அதே உத்தியோகத்தில் இருக்கிற அம்மாக்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் ஆறு வயது ஜெனிக்கு முன்கையில் புற்றுக்கட்டி. கக்கத்தில் நெறிகட்டும் முடிச்சுகளுக்கு அது பரவிவிட்டதா என்று தெரிய வேண்டும். கட்டியைச் சுற்றிக் கதிரியக்க மருந்தை ஊசியில் போடுவார்கள். அது முதலில் போய்த் தங்கும் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள்.

நூல் சேலை

என் வீட்டுக்காரர் அந்தோணிக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை. கதிரியக்கம் என்றதுமே என் சிந்தெடிக் சேலையை மாற்றி நூல் சேலை கட்டச் சொன்னார். வளையல், கொண்டை ஊசி எல்லாம் பைக்குள் போயின. செருப்பு வாசலோடு நின்றது. தீப்பொறி பறந்துவிடக் கூடாதென்று கலவை அறைக்குள் அப்படித்தான் போவார்களாம். மதுரை ஆஸ்பத்திரியில் வெறுங்காலோடு நின்ற எங்களை நர்ஸ் மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபரேஷன் பிள்ளைக்குத்தான? நீங்க ரெண்டு பேரும் என்ன, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போறீகளா?"

மிச்சம்

டெக்னீசியன் ஈயப் பெட்டியைத் திறந்து சிரிஞ்சை எடுத்தார். கலந்த வெடிமருந்தை ராத்திரிக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பது அந்தோணியின் தொழிலில் முதல் பாடம். அவருடைய அண்ணன் செத்ததே மிச்ச மருந்து வெடித்துத்தான். "மீதியை என்ன செய்வீக சார்?" என்று கேட்டுவிட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகிவிடும், பூட்டி வைத்தால் அதுவாகவே தீர்ந்துவிடும் என்றார் டெக்னீசியன். அந்தோணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தானாத் தீந்துபோற சரக்கா? எங்க கம்பெனிக்கு ஒரு லோடு அனுப்புங்க சார்."

காய்

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஊசி போட்டதும், ஜெனி உடம்பிலிருந்து கதிர் வரும், வயிற்றுப் பிள்ளைக்காக நாளை வரை அவளைத் தூக்காதீர்கள், தள்ளியே இருங்கள் என்றுவிட்டார்கள். அவள் அப்பா மடியில், நான் வாசலில். கை நீட்டினாள்; நான் போகவில்லை. கான்வென்டில் அணுவைப் பற்றி மனப்பாடம் செய்த எதுவும் அவளுக்குச் சொல்ல உதவவில்லை.

"அப்பா, அம்மா எங்கூட காய் விட்டுட்டாளா?"

பழம்

ஆபரேஷனில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கக்கத்தின் மேல் நகர்த்தினாராம் டாக்டரம்மா. மருந்து தங்கிய இடத்தில் அது விடாமல் கத்தியதாம். அங்கே மட்டும் சின்னதாகக் கீறி, ஒரே முடிச்சை எடுத்திருந்தார். கட்டியையும் எடுத்தாயிற்று. மறுநாள் ஜெனியைத் தூக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரிப்போர்ட் வரும்வரை என்னிடம் பேச்சே இல்லை. சோறுகூட அப்பாதான் ஊட்ட வேண்டும்.

ரிப்போர்ட் வந்தது. முடிச்சு சுத்தமாக இருக்கிறது, பரவவில்லை என்றார் டாக்டரம்மா. அதுவரை அழாதவள் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஜெனி கட்டுப்போடாத கையின் இரண்டு விரலை என் முன்னால் நீட்டினாள்.

"சரி சரி, அழாத. பழம் விட்டாச்சு."

கீமோ பாக்கி இருப்பதால் உத்தியோகம் தொடர்கிறது. பிள்ளையைத் தூக்க அனுமதி கிடைத்ததுதான் எனக்கு வந்த ஒரே பிரமோஷன்.