மாமியார் இறங்க இடம் விடாத கணக்கு

எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் கருவி வளைவில் சிக்காமல் போகுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. கிணறு கொஞ்ச தூரம் நேராக இறங்கிப் பிறகு வளைந்து பக்கவாட்டில் ஓடும். கருவியோ லேசில் வளையாத நீண்ட இரும்புக் குழாய். அதன் நீளம், தடிமன், துளையின் அகலம், வளைவின் கடுமை எல்லாவற்றையும் வைத்துப் 'போகும்' அல்லது 'போகாது' என்று எழுதி அனுப்புவேன். காஞ்சிபுரத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் இதைச் செய்கிறேன். ஒரு எண்ணெய்க் கிணற்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. கிணற்று வேலை என்று சொல்லிவைத்ததை நம்பி, தென்னேரியிலிருந்து ஒரு உறவினர் போர்வெல்லில் சிக்கிய மோட்டாரை எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டார்.

போன வருடம் மாமியாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். எங்கள் சந்து நடுவில் ஒரு தரம் திரும்பும். அதற்குள் யாரும் கார் கொண்டுவந்ததில்லை.

"முனையிலயே எறக்கிடலாம். வாக்கர் வச்சுக்கினு மெதுவா நடக்கட்டும்," என்றாள் மனைவி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பத்தை அளந்தேன். காரைக் கருவியாகவும் சந்தைக் கிணறாகவும் வைத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். போகும் என்று வந்தது.

போகவும் செய்தது. ஒரு கீறல் இல்லை. பின் சீட்டில் இருந்த இருவரும் பாராட்டுவார்கள் என்று வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மனைவி கதவைத் திறந்தாள். நாலு விரல் அளவு திறந்து சுவரில் இடித்து நின்றது. நான் என் பக்கத்துக் கதவைத் தள்ளினேன். அங்கேயும் அதே கதைதான்.

"மாப்ளே, நான் எறங்கறதயும் கணக்குல சேத்தீங்களா?" என்று மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

எண்ணெய்க் கிணற்றில் கருவிக்குள்ளிருந்து யாரும் இறங்குவதில்லை என்று விளக்கத் தொடங்கினேன். மனைவி கண்ணாடியில் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

வேறு வழியில்லை, காரை ரிவர்ஸிலேயே வெளியே எடுக்க வேண்டும். சந்து முனையில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய் வந்து, "வாங்க சார், வாங்க, இன்னும் கொஞ்சம்," என்று கை காட்டினார். அவர் போதும் என்று சொல்வதற்குள் திருப்பத்தில் காரின் ஒரு பக்கம் முழுவதையும் சுவரில் தேய்த்துவிட்டேன். முனையில் மாமியாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பாயும் நானும் வீடு வரைக்கும் தூக்கி வந்தோம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. "பாத்துப்பா, நீ வுழுந்துடாத," என்றார் மேலே இருந்தவர். அதுவரை என்னை 'நீங்க' போட்டுத்தான் பேசியிருக்கிறார்.

உடம்பு விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது இந்தக் கதையைத்தான். மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கவே பலர் மறந்து, காரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.