உயிரோடு இருக்கிறவருக்கு மாலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

நான் மேலப்பாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவள். எங்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் பெண்தான் எடுக்க வேண்டும். எடுத்து முடித்ததும் மெமரி கார்டை நான் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோக மாட்டேன். மணப்பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிடுவேன். அவர்கள் போட்டுப் பார்த்து, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அது என் கைக்குத் திரும்பி வரும். யாருக்கோ தலைத்துணி விலகியது, யாரோ வாய் நிறையப் பிரியாணியோடு சிரித்தது எல்லாம் அங்கேயே அழிந்துவிடும். நான் போட்ட சட்டம் இல்லை இது. நான் தொழிலுக்கு வரும்போதே இருந்த வழக்கம்.

அப்படி இருந்த என்னைத் தேடிச் சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். தூக்குத் தண்டனை கூடாது என்று ஆவணப்படம் எடுக்கிறாராம். ஏரல் பக்கம் ஒருவர், வரப்புத் தகராறில் ஓர் அப்பாவையும் மகனையும் வெட்டிக் கொன்றவர். கீழ்க்கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பாகி, ஹைகோர்ட்டில் அப்பீல் நடந்துகொண்டிருந்தது. ஆள் பாளையங்கோட்டை சிறையில். அவருடைய மனைவியைப் பேச வைத்துப் படம் பிடிக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தால் அந்த அக்கா மனம் விட்டுப் பேசுவார் என்று என்னைக் கூப்பிட்டார். நல்ல காரியம் என்று நம்பித்தான் போனேன்.

போகும்போது ஏரல் பஜாரில் வண்டியை நிறுத்தி, டைரக்டர் இறங்கிப் போய் ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். வண்டி முழுக்கச் சம்பங்கி வாசனை. வேலையைத் தொடங்கும் முன் கோயிலுக்குப் போவார் போல, பக்தியான மனுஷர் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். வாழைத்தோட்டத்தில் களை எடுக்கப் போகிறவர். ஒற்றை அறை வீடு. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் அவர் கணவரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. திருச்செந்தூர் போனபோது ஸ்டூடியோவில் எடுத்ததாம். சட்டைப் பையில் பேனா குத்தியிருந்தார்.

காலை முழுக்க அக்கா பேசினார். அழவே இல்லை. சிறைக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போவதை, அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசாமல் நிற்பதை, பேச்சு வராததால் பஸ்ஸில் வந்த கூட்டத்தைப் பற்றியே தான் சொல்லிவிட்டு வருவதை எல்லாம் சொன்னார்.

"அவிய செஞ்சது சரின்னு நான் சொல்லல தங்கச்சி. அந்த வீட்டுப் பொம்பள மொகத்துல நான் முழிக்க முடியுமா? உசுர மட்டும் விட்டுவையிங்கன்னுதான் கேக்கேன்."

இன்னொன்றும் சொன்னார். தூக்கில் போட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்கே தகவல் வரும் என்று ஊரில் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்பீல் நடக்கும்போது அப்படியெல்லாம் நடக்காது என்று வக்கீல் எவ்வளவோ சொல்லியும் பயம் போகவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அக்கா எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டு மைனியிடம் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். டைரக்டர் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவர் இதைக் கேட்டார் என்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயில் ஏறியதும் அக்கா எழுந்தார். "வந்தவியளுக்கு ஒண்ணுமே குடுக்கல. இருங்க, கலர் வாங்கியாரேன்" என்று தெருமுனைக் கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் டைரக்டர் என்னிடம், "மேடம், அவங்க உள்ள வர்றத எடுக்கணும். கேமராவ இந்தச் சுவரோரமா வச்சு, கதவு மேலயே ஃப்ரேம் வச்சுக்குங்க. என்ன ஆனாலும் கட் பண்ணிடாதீங்க" என்றார். கலர் பாட்டிலோடு வாசலில் நுழைகிற ஷாட் அழகாகத்தான் இருக்கும் என்று நானும் கேமராவை வைத்துக்கொண்டு, கண்ணைத் திரையில் பதித்தேன். என் முதுகுக்குப் பின்னால் இலை சரசரத்தது. சம்பங்கி வாசனை வந்தது. அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா வந்தார். இரண்டு கையிலும் பாட்டில். நிலைப்படியில் கால் வைத்தவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். என் திரையில் அந்த முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். பாட்டில்களைப் பைய, ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்டார்.

"எப்ப?"

எனக்குப் புரியவில்லை. திரும்பினேன். பேனா குத்திய அந்தப் படத்தில் சம்பங்கி மாலை தொங்கியது. கீழே ஒரு விளக்கும் எரிந்தது.

எங்கள் வீடுகளில் படமே மாட்டுவதில்லை. எனக்கே தெரியும், படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்த அந்த அக்காவுக்குத் தெரியாதா? பொட்டலம் வாங்கும்போதே டைரக்டருக்குத் தெரியாதா? அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "கட் பண்ணாதீங்க, கட் பண்ணாதீங்க" என்று கிசுகிசுத்தார். தூக்கு வேண்டாம் என்று படம் எடுக்க வந்த மனிதர், ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து அவள் கணவனைத் தூக்கில் போட்டுக் காட்டிவிட்டார்.

கேமராவை அணைத்துவிட்டு ஓடிப்போய் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணும் ஆவல யக்கா. அவிய நல்லா இருக்காவ. இந்த ஆளு படத்துக்காவ மாலை போட்டிருக்காரு" என்றேன்.

அக்கா நம்பவில்லை. "ஒன் சாமி மேல சொல்லு" என்றார்.

"அல்லா அறியச் சொல்லுதேன் யக்கா."

கொஞ்ச நேரம் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு போய் விளக்கை அணைத்தார். மாலையைக் கழற்றினார். பிய்த்து எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. கொண்டுவந்து டைரக்டர் கையில் வைத்தார்.

"அம்மா, இது ஒரு குறியீடு. பாக்கறவங்க மனசுல தைக்கணும்னா இந்த மாதிரி ஏதாவது வேணும். உங்க வீட்டுக்காரருக்காகத்தானே இவ்வளவும்?" என்றார் அவர்.

அக்கா சத்தம் போடவில்லை. "மாலை போட்ட படம் அந்த வீட்டுல ரெண்டு தொங்குது சார். ரெண்டும் எங்க வீட்டுக்காரவிய போட்டது. அதுக்குத்தான் அவிய உள்ள கெடக்காவ. மூணாவத நீங்க எதுக்குப் போடுதிய?"

அதற்குமேல் எனக்குத்தான் தாங்கவில்லை. என்னென்ன திட்டினேன் என்பதை அச்சில் எழுத முடியாது. அந்த ஆளோ என் திட்டைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் கார்டைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் கேமராவிலிருந்து கார்டை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"பொம்பளையள எடுத்தா அந்த வீட்டுப் பொம்பளைட்டதான் கார்டு போவும். எங்க ஊரு வழக்கம் சார்."

அக்கா நகத்தளவு இருந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பேசினது பூரா இதுக்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டார். பார்க்க வேண்டும் என்றார். கேமராவில் மறுபடி போட்டு, சின்னத் திரையில் ஓடவிட்டேன். தான் வாசலில் நின்று, பாட்டிலைக் கீழே வைத்து, "எப்ப" என்று கேட்பதை அக்கா கடைசிவரை பார்த்தார்.

"காலைல பேசினது படத்துல வரட்டும். வெளிய நாலு பேருக்குத் தெரியட்டும். இத மட்டும் அழிச்சிரு."

"அதுதாங்க படத்தோட உயிரே. அதப் பாத்தா ஜட்ஜே அழுதுடுவாரு" என்று டைரக்டர் பதறினார்.

"ஜட்ஜு அழுவுததுக்கு இவிய வீட்டுக்காரவிய சாவணுமோ?" என்று கேட்டுக்கொண்டே அக்காவின் கண்முன்னால் அதை அழித்தேன். மீதி இருந்த கார்டை அக்காவே அந்த ஆளிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அக்கா செய்ததை நான் எந்த ஜென்மத்திலும் செய்ய மாட்டேன். தரையில் இருந்த பாட்டில்களைத் துடைத்து, மூடியைத் திறந்து, ஒன்றை எனக்கும் ஒன்றை அந்த ஆளுக்கும் கொடுத்தார். அவரும் வாங்கிக் குடித்தார். தொண்டையில் அடைக்கவே இல்லை அவருக்கு.

திரும்பும்போது அந்த வண்டியில் நான் ஏறவில்லை. பஸ் பிடித்து வந்தேன். படம் பிறகு எங்கெங்கோ திரையிடப்பட்டது. அக்கா காலையில் பேசியது மட்டுமே அதில் இருந்ததாம். பார்த்தவர்கள் அதற்கே அழுதார்களாம். அப்படியானால் அந்த மாலை எதற்கு? இன்றைக்கு வரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஹைகோர்ட்டில் தூக்கை ஆயுளாகக் குறைத்தார்கள். அந்தப் படத்தால் இல்லை, வக்கீல் வாதாடியதால். தகவல் சொன்ன போனை அன்றைக்குத் தானே எடுத்ததாக அக்கா என்னிடம் சொன்னார். "படத்தத் தூசி தட்டி அங்கனயேதான் மாட்டிருக்கேன் தங்கச்சி" என்றும் சொன்னார்.

அடுத்தவர் துயரத்தைப் படம் பிடித்து உலகத்தைத் திருத்தப்போகிறேன் என்று இப்போதும் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்பதற்கு முன்னால், கையில் என்ன பொட்டலம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.