போகிறேன், தளபதி

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துப் பொட்டலில் மாயாஜாலப் போர்ப் படம் ஒன்றின் படப்பிடிப்பு. குதிரை ஓட்டுவது என் வேலை. அதுவரை எல்லாப் படங்களிலும் முகத்தை மூடிய கவசத்துக்குள், கூட்டத்தோடு கூட்டமாக ஓடியிருக்கிறேன். என் முகம் எதிலும் தெரிந்ததில்லை. அன்றுதான் முதல் தனி ஷாட். நான் வேவுக்காரன். "போகிறேன், தளபதி" என்று சொல்லிவிட்டு, எதிரிப் படையைப் பார்த்துவரக் குன்றுக்குப் போக வேண்டும்.

"ஒத்த வரி. அம்புட்டுத்தாண்ணே" என்றார் உதவி இயக்குநர்.

முதல் டேக்கில் "போய் வாரேன், தளபதி" என்றேன்.

"கட்! அண்ணே, நீங்க வரமாட்டீங்க. குன்றுக்கு அங்கிட்டு வச்சு உங்களக் கொன்னுர்றாய்ங்க. வெறும் 'போகிறேன்'தான்."

அடுத்த டேக்கிலும் 'வாரேன்' வந்து விழுந்தது. பின்னால் நின்ற ரைடர்கள் சிரித்தார்கள்.

"மாப்ள, டீ குடிக்காம அண்ணே சாகமாட்டாராம்டா!"

மானிட்டர் பக்கமிருந்து இயக்குநர் கத்தினார்: "இன்னொரு தடவை தப்புனா கவசத்தை மாட்டி விட்ருங்க. டப்பிங்ல பாத்துக்கலாம்."

குதிரைகளுக்குப் பொறுப்பான காதர் பாய், சேணத்தின் வாரை இறுக்குவதுபோல் அருகில் வந்தார். "என்னண்ணே ஆச்சு?"

"வாய் வரமாட்டேங்குது பாய். கிளம்பறப்ப யாராச்சும் போறேன்னு சொல்லுவாகளா?"

"வீட்ல யாரு இருக்கா, சொல்லிட்டுக் கிளம்ப?" என்று கேட்டவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கோச்சடையில் இருக்கும் என் வீட்டில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய என் மனைவி ஆட்டோவிலிருந்து "வாரேன்" என்று சொன்னதுதான் கடைசி. அதன் பிறகும் கதவைப் பூட்டும்போது, உள்ளே பார்த்து "வாரேன்" என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது டேக்கில் "போகிறேன், தளபதி" என்றேன். குதிரையைத் தட்டிவிட்டேன்.

குன்றின் மேல் லகானை இழுத்து நின்று திகைக்க வேண்டும். எதிரே வரும் பெரும்படையைப் பிறகு கிராபிக்ஸில் சேர்ப்பார்களாம். நான் பார்த்தது வெயிலையும் கருவேலஞ்செடிகளையும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள்கூட இல்லை. திகைப்பு தானாக வந்தது.

மைக்கில் "ஓகே" என்றார்கள். நான் திரும்பி வந்தபோது எல்லோரும் அடுத்த ஷாட்டுக்கு நகர்ந்திருந்தார்கள். கதைப்படி செத்துப்போனவனை யார் எதிர்பார்ப்பார்கள்? இறங்கி, லகானைக் காதர் பாயிடம் கொடுத்தேன்.

"வந்துட்டேன் பாய்."

"வாங்கண்ணே. டீ ஆறப்போகுது."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எழுதிக்கொடுத்த வரியை அப்படியே சொல்லுங்கள். அது கதை எழுதியவருடையது. குதிரையை விட்டு இறங்கியதும், வந்துவிட்டதாக ஒருவரிடம் சொல்லுங்கள். 'வாங்க' என்று திருப்பிச் சொல்லக்கூடிய ஆளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.