நீலம் ஏறிய விரல்கள்

என் தங்கையின் கணவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். கையுறை மாட்டினால் நூலின் பதம் தெரியாதாம், வெறுங்கையால்தான் பிழிவார். முகூர்த்த மாதங்கள் முடியும்வரை அவர் விரல்கள் கருநீலமாக இருக்கும். நகக்கண்ணில் ஊறிய நீலம் எந்த சோப்புக்கும் அசையாது.

போன வருஷம் கார்த்திகையில் அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். தங்கை போன் செய்து, "அண்ணா, நீயும் ஆஸ்பத்திரிக்கு வா. அவங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியாது" என்றாள். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். எந்தப் படிவத்தில் எந்தப் பத்தி ஏன் பொடி எழுத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மருந்துச் சீட்டோடு என்னையும் எடுத்துப் போவது வழக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நர்ஸ் அவர் விரலில் துணிக்கிளிப் போன்ற ஒன்றை மாட்டினாள். எண்பத்து நாலு என்று காட்டியது.

"தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும் சார்" என்றார் டாக்டர். சின்னப் பெண்தான். "உடனே அட்மிட் பண்ணி ஆக்சிஜன் வைக்கணும். நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துடலாம்."

"எனக்கு ஒண்ணுமில்லமா, நல்லாத்தான் கீறேன்" என்றார் மாப்பிள்ளை. "பட்டறைல நூல் ஊறிக்கினு இருக்குது. மாத்திரை குடு, போறேன்."

ஸ்கேன் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரே ஸ்கேன் அறையின் வாசலில், புது இயந்திரம் வந்த நாளில் கட்டிய மாவிலைத் தோரணம் இன்னும் பச்சையாக இருந்தது.

நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. கிருமி என்று ஒன்று இருக்கிறது எனத் தெரிந்த பிறகுதான் கை கழுவுவது வைத்தியர்களுக்குக் கடமையானது. உடம்பைக் கிழிக்காமல் எலும்பைப் பார்க்க ஒரு கதிர் கிடைத்தது. பூஞ்சையிலிருந்து வந்த ஒரு மருந்து, காலில் முள் குத்திச் சீழ் பிடித்துச் செத்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தது. இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு நோயாளிக்காகக் காத்திருப்பவர்கள்மேல்தான்.

அந்தக் கிளிப்பும் அந்த வரிசையில் வந்ததே. பிராணவாயு ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகக் குடிக்கும், ஏறாத ரத்தம் அதிகமாகக் குடிக்கும். விரலின் ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் அதை அளக்கும் கண். நான் படித்திருந்தேன். படித்தவனுக்கு உடனே ஒன்று தோன்றியது: நீல விரல் சிவப்பு ஒளியைத் தானே குடித்துவிடாதா?

அவர் கையைப் பிடித்து டாக்டர் முன்னால் நீட்டினேன். "இது ரத்தத்தோட கணக்கா, சாயத்தோட கணக்கா? என் விரல்ல மாட்டுங்க."

மாட்டினார்கள். தொண்ணூற்றேழு.

டாக்டர் நீல நகங்களைக் குனிந்து பார்த்தார். "சாயம் குறைச்சுக் காட்டலாம் சார். சரிதான். காதுல மாட்டுற கிளிப் மாடியில இருக்கு, அஞ்சு நிமிஷம் இருங்க, கொண்டுவரச் சொல்றேன்."

ஐந்து நிமிஷம் இருக்கச் சொல்வது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? வந்தவர்கள் எழுந்து போய்விடாமல் இருப்பதற்கு அலுவலகத்தில் நாங்களும் அதைத்தான் சொல்வோம். தங்கை அனுமதிப் படிவத்தை வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடட்டுமாண்ணா?" என்றாள்.

"போடாதே. ஆட்டோ கூப்பிடு" என்றேன்.

மாப்பிள்ளை உற்சாகமாக எழுந்தார். வாசலில் நாலு படி. இரண்டாவது படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, தள்ளாடாமல் என்ன செய்வார் என்று அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

தங்கைதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "வாயெல்லாம் நீலமா கீதே."

"கையால தொடச்சிருப்பார். சாயம்" என்றேன்.

அவள் முந்தானை நுனியை எச்சில் தொட்டு அவர் உதட்டில் அழுத்தித் தேய்த்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். துளி நீலம்கூட ஒட்டவில்லை. மறுபடி தேய்த்தாள்.

"இது சாயமில்லண்ணா. இருபத்தாறு வருஷமா இந்த மனுசன் துணிய தொவைக்கிறேன், சாயம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு பத்தியும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சக்கர நாற்காலியில் அவரை உள்ளே தள்ளிப் போகும்போதே காதில் கிளிப்பை மாட்டினார்கள். எண்பத்தாறு.

"சாயம் சாப்பிட்டது ரெண்டுதான் சார்" என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமல். "மீதி நுரையீரல்."

ஸ்கேனில் இரண்டு பக்கமும் நிமோனியா. ஆக்சிஜன் குறைவது சிலருக்கு உடம்பிலேயே தெரியாதாம். அதை நான் படித்திருக்கவில்லை. அன்று முதல் ஆக்சிஜன் முகமூடி. நரம்பில், பூஞ்சையிலிருந்து வந்த அந்த மருந்தின் ஏதோ ஒரு பேரப்பிள்ளை சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒவ்வொரு பாட்டிலிலும் காலாவதித் தேதியைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

நான்காம் நாள் முகமூடியைக் கழற்றினார்கள். பார்க்கப் போனேன். தங்கை என்னைப் பார்த்ததும் எழுந்து பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"என்னா மச்சான்" என்றார் அவர். குரல் கரகரத்தது. "அன்னிக்கே ஆட்டோல இட்டுக்கினு போயிருந்தா, இந்நேரம் எனக்குப் பால் தெளிச்சிட்டு வந்திருப்ப, இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கொண்டுபோன சாத்துக்குடியில் ஒன்றை எடுத்து உரித்து, விதைகளை ஒவ்வொன்றாக நீக்கி, சுளையை அவர் கையில் வைத்தேன்.